பதினாலாம் தீம்பார்

மலாக்காவில் எனக்கு முதல் கோபம் காப்பியால் வந்தது. சர்க்கரை வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். கெட்டிப்பாலை டம்ளரின் அடியில் இரண்டு விரற்கடைக்கு ஊற்றி, அதன்மேல் கருகருவென்று ஒரு கஷாயத்தை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். "இதாம்மா எங்கூரு காப்பி. குடிச்சுப் பழகிக்குங்கலா" என்று அந்த ஊர் 'லா'வையும் சேர்த்துச் சொல்லி எதிரே உட்கார்ந்து சிரித்தார் குணசேகரன். அந்தப் புழுக்கத்திலும் டை கட்டியிருந்தார். என்னைச் சென்னையிலிருந்து வரவழைத்தவர் அவர்தான் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

முப்பது வருடம் ஓர் அரசு ஆவணக் காப்பகத்தில் தூசி தின்றுவிட்டு ஓய்வு பெற்றவள் நான். செல்லரித்த தாளையும் கோழிக்கிறுக்கலையும் படிப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. முன்கோபத்துக்கு அதைவிடப் பெரிய பேர் உண்டு. இரண்டாவதைக் குணசேகரனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மலாக்கா நகரத்தில் புதிதாகத் திறக்கவிருந்த ஓர் ஓவியக் காட்சியகத்துக்கு அவர் இயக்குநர். முகப்பில் ஆறு வெள்ளைத் தூண்கள், உள்ளே தேக்குப் படிக்கட்டு. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டக் கம்பெனி ஒன்றின் நகர அலுவலகமாக இருந்தது. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடம் முன்னால் கட்டியது. திறப்பு விழாவுக்குக் கட்டடத்தின் கதையைச் சின்னப் புத்தகமாகப் போட வேண்டுமாம். பரணில் இரண்டு தகரப் பெட்டிகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் ஆங்கிலக் காகிதங்கள்; அதை உள்ளூர்க்காரர் ஒருவர் படித்துக் குறிப்பெடுத்துவிட்டார். மற்றதில் தமிழ் நோட்டுகள். அலுவலகத்தில் பாதிப் பேர் தமிழ் பேசினார்கள், ஆனால் அந்தக் கையெழுத்து ஒருவருக்கும் ஓடவில்லை.

"நாலு பக்கம் போதும்மா. நம்ம ஆளுங்களும் இதுல வேலை செஞ்சாங்கன்னு ஒரு வரி வந்தா நமக்கும் பெருமைதானே" என்றார் குணசேகரன். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

ஆயர் குரோவில் ஒரு விடுதியில் என்னை இறக்கிவிட்டார்கள். மறுநாள் காலை, எதிரே எங்காவது இட்லி கிடைக்குமா என்று பார்க்க நடந்து போனேன். அந்த ஊரில் நடக்கிற ஒரே ஜீவன் நான்தான் என்று பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. நடைபாதை கொஞ்ச தூரம் போய்ப் புல்லுக்குள் காணாமல் போனது. அப்புறம் கார், கார், கார். நம் ஊரில் தெருவில் இறங்கினால் நாலு பேர் இடிப்பார்கள், இரண்டு பேர் வழி சொல்வார்கள். இங்கே காரை நிறுத்தி, "காரு கெட்டுப்போச்சா? யாராச்சும் மருத்துவமனையில இருக்காங்களா?" என்று ஒரு பெண் பதறிப்போய்க் கேட்டாள். இட்லி தேடுகிறேன் என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கடைசியில் வாழையிலையில் கட்டிய தேங்காய்ப்பால் சோறும் வறுத்த நெத்திலியும் கிடைத்தன. காலை எட்டு மணிக்கு நெத்திலி! ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்தச் சம்பல் பிரமாதம்.

காட்சியகத்தின் பின்னறையில் இரண்டு பெட்டிகளோடும் உட்கார்ந்தேன். எனக்குக் கொடுத்தது தமிழ்ப் பெட்டி மட்டும்தான். ஆங்கிலப் பெட்டியை நானே திறந்துகொண்டேன். கட்டடத்தைத் தெரிந்துகொள்ளாமல் நோட்டை எப்படிப் படிப்பது?

கட்டடத்தை எழுப்பிய வெள்ளைக்கார மேற்பார்வையாளர் தினமும் நாட்குறிப்பு எழுதியிருந்தார். எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சுண்ணாம்பு, தேக்கு எந்தக் கப்பலில் வந்தது, கதவுக் கீல் ஒன்று துருப்பிடித்திருந்தது, எல்லாம் இருந்தது. அதைச் சுமந்தவர்களைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: 'ஆட்கள் தோட்டத்திலிருந்து.' துருப்பிடித்த கீலுக்கு நான்கு வரி. எனக்கு அப்போதே சுர்ரென்றது.

கூடவே லண்டனில் இருந்த கம்பெனித் தலைமையகத்திலிருந்து வந்த ஒரு கடிதம். தோட்டத்துக் கூலிகளை நகரத்துக் கட்டட வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். அதற்குத் தோட்டத்து மேலாளர், அந்த ஊர் ஜனங்களின் வாயில் துரை, பதில் போட்டிருந்தார்: அனுப்பவில்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள்தான் வேலை செய்கிறார்கள். ஒரே பெட்டிக்குள் பொய்யும் உண்மையும் அறுபது வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தன.

பிறகு தமிழ் நோட்டுகளைப் பிரித்தேன். அவை ஒரு கங்காணியின் கைப்புத்தகங்கள். தோட்டத்தில் விடியும் முன்னே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். யார் வந்தார், எந்தத் தீம்பாருக்குப் போனார், என்ன வேலை என்று கங்காணி குறித்துக்கொள்வார். தீம்பார் என்றால் ரப்பர்க் காட்டின் ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. இந்தக் கங்காணியின் கையெழுத்து அழகு. கட்டட வேலை நடந்த அந்த மாதங்களில் முப்பத்திரண்டு ஆண்கள், தினமும், ஒரே குறிப்பு: 'பதினாலாம் தீம்பார், களை.'

முப்பத்திரண்டு ஆண்கள் மாதக்கணக்கில் களை பிடுங்க அங்கே என்ன இருந்தது? பக்கத்தைப் புரட்டினேன். ஒரு நாள் முப்பத்தொரு பேருக்குத்தான் வேலைக்கு வந்ததற்கான கோடு விழுந்திருந்தது. வீராசாமி என்ற பெயருக்கு நேராக ஒரே ஒரு சொல்: 'ஓடிட்டான்.' அதற்குப் பிறகு அந்தப் பெயரே இல்லை.

தேதியைப் பார்த்தேன். எழுந்துபோய் ஆங்கில நாட்குறிப்பில் அதே தேதியை எடுத்தேன். 'பின்பக்கச் சுவரின் சாரம் சரிந்தது. தோட்டத்து ஆள் ஒருவன் இறந்தான். துரைக்குத் தெரிவிக்கப்பட்டது. உடல் அப்புறப்படுத்தப்பட்டது. இரண்டு மணிக்கு வேலை தொடர்ந்தது.'

நாட்குறிப்பைப் படாரென்று மூடினேன். தோட்டத்து ஆளே அங்கே போகவில்லை என்று லண்டனுக்கு எழுதியாகிவிட்டது. போகாதவன் எப்படிச் சாவான்? அதனால் ஓடிவிட்டான்.

குணசேகரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே நாள்ல ஒருத்தன் ஓடவும், இன்னொருத்தன் சாவவும் கூடாதாம்மா? பதினாலாம் தீம்பார்னு நெசமாவே ஒண்ணு இருந்துச்சுன்னா?" என்றார். கேள்வி நியாயம்தான். அது நியாயமாக இருந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்தத் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன். நடத்துநரிடம் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன், தலையை ஆட்டினார். ஒரு முச்சந்தியில் இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது. சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை மரங்கள். ஒரு பெட்டிக்கடை உண்டா, ஒரு சோடா உண்டா? குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டியபடி நின்றேன். அரைமணி கழித்துச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று நின்றது.

"என்னக்கா, இங்க போயி நிக்கிறீங்க? இது மேக்கால முச்சந்தி. நீங்க ரெண்டாவதுல எறங்கியிருக்கணும்லா" என்றார் ஓட்டுநர். பெயர் செல்வம், நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஏறிக்கொண்டேன். இருக்கையில் ஈரச் சாக்கு போட்டிருந்தது, புடவை அப்பிக்கொண்டது.

பேச்சுவாக்கில், "வீராசாமின்னு யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றேன். செல்வம் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

"வீராசாமியா! எவனாச்சும் சொல்லாம கொள்ளாம வேலைக்கு மட்டம் போட்டான்னா, 'வீராசாமி ஆயிட்டான்'ம்பாங்கக்கா. சின்னப் புள்ளையில பள்ளிக்கூடத்துக்குப் போவலைன்னா எங்கப்பா அதையே சொல்லித்தான் அடிப்பாரு. ஏன், ஓடிப்போன அந்தாளப் பத்தி எதுக்குக் கேக்குறீங்க?"

காரணத்தைச் சொன்னால் கத்திவிடுவேன் என்று தோன்றியது. கொஞ்ச தூரம் போனதும், "பதினாலாம் தீம்பார் எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"பதினாலா? எங்க தோட்டத்துல பன்னெண்டுதான்க்கா. வாங்க, காட்டுறேன்."

தோட்டத்து அலுவலகத்துக்குத்தான் கூட்டிப்போவார் என்று நினைத்தேன். அது பூட்டிக் கிடந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளிலும் பாதிக்குக் கதவே இல்லை. லாரியை மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தினார். உள் சுவரில் கறுப்பு மையில், மங்கினாலும் படிக்கிற மாதிரி, திருவிழா உபயப் பட்டியல் இருந்தது. கோயில் கட்டிய காலத்தில் எழுதியது. கோயிலைக் கட்டிய வருடமும் மேலே இருந்தது: நகரத்து அலுவலகத்தைக் கட்டியதற்கு இரண்டு வருடம் முன்னால்.

"தீம்பாருக்கு ஒரு நாளுக்கா. மொத நாளு ஒண்ணாந் தீம்பாரு ஆளுங்க, ரெண்டா நாளு ரெண்டாந் தீம்பாரு. பன்னெண்டு நாளு திருவிழா. மரத்த வெட்டி மாத்தி நட்டாலும் நம்பரு மாறாது. மாத்துனா வெட்டுக்குத்து ஆயிடும்."

நான் சுவரில் விரல் வைத்து எண்ணினேன். பன்னிரண்டு. பதிமூன்றே இல்லை, பதினாலுக்கு எங்கே போவது? ஒரு தீம்பார் இருந்திருந்தால் அதன் ஆட்கள் தங்கள் நாளை விட்டுக்கொடுத்திருக்கவே மாட்டார்கள். இதைவிட நல்ல ஆவணத்தை என் முப்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. களை பிடுங்கியதாகச் சொன்ன பதினாலாம் தீம்பார், ஆறு வெள்ளைத் தூண்களோடு நகரத்தில் நிற்கிறது.

கோயில் வாசலிலேயே செல்வத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. "அவரு மக இருக்காங்கக்கா. தனலெட்சுமியக்கா. தங்கா பத்துல மகன் வீட்டுல. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

நான்காம் நாள் செல்வத்தின் பழைய காரில் தங்கா பத்து போனோம். கடல் காற்று, வரிசை வீடுகள், வாசலில் துணி காய்ந்தது. தனலெட்சுமியக்கா அறுபதைத் தாண்டியவர். சமையற்கட்டில் மீன் வறுத்துக்கொண்டிருந்தவர், ஊரிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் சாப்பிடாமல் பேசவே கூடாது என்றுவிட்டார். தட்டு நிறையச் சோறும் புளிக்குழம்பும் வறுத்த மீனும். இரண்டாவது கவளத்தில் நான் வீராசாமியின் பெயரைச் சொன்னேன்.

கரண்டியை அப்படியே போட்டார். "அந்தாளு பேர எதுக்குமா எடுக்குறீங்க? ஆசுபத்திரிக்குப் போனா, அஞ்சலாபீசுக்குப் போனா, 'தனலெட்சுமி ஆனாக் பெரெம்புவான் வீராசாமி'ன்னு கூவுறானுங்க. வீராசாமி மகளாம்! அடையாளக் கார்டுல இருக்கு, என்ன செய்ய? ஒவ்வொரு தடவையும் தீய மிதிச்ச மாதிரி இருக்கும். ஓடுகாலி மகன்னு என் கல்யாணத்துலயே சம்பந்தி வீட்டுல சொன்னாங்க."

கையைக் கழுவிவிட்டு நகல்களை எடுத்தேன். கங்காணியின் நோட்டைப் படித்தேன். ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் சொன்னேன். ஒரு தடவை சொன்னதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"ரெண்டு மணிக்கு வேலை தொடங்கிட்டாங்களா?"

"ஆமாக்கா."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்."

அடுப்பில் மீன் கருகியது. செல்வம்தான் எழுந்து போய் அணைத்தார்.

"அப்ப எனக்கு ஆறு வயசு" என்றார் அக்கா. "பன்னெண்டு வருஷம் காத்திருந்தாச்சு, உருவம் செஞ்சு வெச்சுக் கருமாதி பண்ணிடுன்னு சாதிசனம் சொல்லுச்சு. எங்கம்மா மாட்டேன்னுட்டுது. 'ஓடுன மனுசன் திரும்பி வருவான்'னு. தாலிய அவுக்கலை, பொட்ட அழிக்கலை. ஓடிப்போனவன் பொண்டாட்டிக்குப் பூ ஒரு கேடான்னு பைப்படியில பேசுவாளுங்க. சாவுறப்பவும் பொட்டோடதான் போச்சு. நான்தான் வெச்சுவிட்டேன். அந்தாளைத் திட்டிக்கிட்டே வெச்சேன்மா."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என் கையிலிருந்த பட்டியலைப் பிடுங்கினார். "கூட எத்தனை பேரு?"

"முப்பத்தொரு பேர்."

"முப்பத்தொரு பேரும் பாத்திருக்கானுங்க. பொணத்தத் தூக்கியிருப்பானுங்க. சாயங்காலம் வந்து எங்க லயத்துலயே கஞ்சி குடிச்சிருக்கானுங்க. ஒருத்தன் வாயத் தொறந்து எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அதுவரை என் கோபமெல்லாம் துரை மேல்தான் இருந்தது. அதற்குப் பிறகு அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்திருந்தால் வீட்டைக் காலிசெய்து பெண்டு பிள்ளைகளோடு தெருவில் நிறுத்தியிருப்பார்கள், அது எனக்கும் தெரியும். தெரிந்தாலும் ஆறவில்லை. சொல்லாமல் இருந்ததோடு விட்டார்களா? செத்தவன் பெயரை வைத்து ஒரு கேலியும் உண்டாக்கி, பேரன்கள் காலம் வரை ஓட்டியிருக்கிறார்கள்.

செல்வம் கதவோரம் நின்றபடி கேட்டார். "அதுல சின்னப்பன்னு பேரு இருக்காக்கா?"

பட்டியலைப் பார்க்கத் தேவையில்லை. ஒன்பதாவது பெயர்.

"எங்க தாத்தா" என்றார் செல்வம். தனலெட்சுமியக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். செல்வம் அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா, "எந்திரிடா. உங்க தாத்தா செஞ்சதுக்கு நீ என்னடா பண்ணுவ" என்றார். குரலில் கோபம் குறையவே இல்லை.

மறுநாள் நான் குணசேகரனின் அறைக்குப் போனேன். நான்கு பக்கமும் எழுதி முடித்திருந்தேன். மூன்றாம் பக்கத்தில் வீராசாமி இருந்தார், பெயரோடு, தேதியோடு, பின்சுவரோடு. குணசேகரன் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உண்மைதாம்மா. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா தொறப்பு விழா லா. அந்தக் கம்பெனி ஆளுங்கதான் பாதி ஓவியத்தக் குடுத்திருக்காங்க. முன்வரிசையில உக்காருவாங்க. சாவு சேதிய அவங்க கையில குடுக்கவா? மூணாம் பக்கத்த மட்டும் எடுத்திடுங்க. 'தோட்டத் தொழிலாளர்களின் உழைப்பும் சேர்ந்தது'ன்னு அழகா ஒரு வரி போட்டுக்கலாம்."

"அழகா ஒரு வரியா? உங்க பின்சுவர்ல ஒருத்தன் செத்துக் கிடக்கான் சார்!"

"மெதுவா பேசுங்கம்மா."

"அறுபது வருஷமா எல்லாரும் மெதுவாத்தானே பேசினீங்க!"

அவர் முகம் சிவந்தது. "நானும் தோட்டத்துப் புள்ளைதாம்மா. எங்கம்மா ரப்பர்ப் பால் வெட்டுனவங்க. இந்த நாக்காலியில வந்து உக்கார எனக்கு எவ்வளவு காலமாச்சு தெரியுமா? நீங்க இன்னும் ரெண்டு நாள்ல பிளேன் ஏறிடுவீங்க. நான் இங்கயே இருக்கணும்."

"தெரியுது. முப்பத்தொரு பேரும் இதையேதான் நெனச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கதவைச் சாத்தியதில் மாட்டியிருந்த படம் ஒன்று கோணியது. நிமிர்த்தவில்லை.

அந்தப் புத்தகம் பிறகு தபாலில் சென்னைக்கு வந்தது. வழவழ அட்டை, தேக்குப் படிக்கட்டின் வண்ணப்படம், அழகான அந்த ஒரு வரி. வீராசாமி இல்லை. ஆனால் துருப்பிடித்த கதவுக் கீல் இருந்தது! 'சுவையான தகவல்கள்' என்ற தலைப்பில். புத்தகத்தைச் சுவரில் வீசியடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

அதற்கெல்லாம் முன்னால், நான் ஊர் திரும்பிய அன்று காலை, விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்த செல்வத்தின் காரில் பின்னிருக்கையில் தனலெட்சுமியக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் கேரியர். உள்ளே சோறும் கருவாட்டுக் குழம்பும். பையில் வாழையிலை, வெற்றிலை, ஒரு சுருட்டு, கற்பூரம். "அம்மாவுக்கும் சேத்து இன்னிக்கே அந்தப் பின்செவுத்துக்கிட்ட படையல வெச்சிடுறேன்மா. வழியிலதானே இருக்கு" என்றார். வழியில் இல்லை. செல்வம் வண்டியைத் திருப்பினார்.

காட்சியகம் இன்னும் திறக்கவில்லை. பக்கவாட்டுக் கேட்டில் மலாய்க்காரக் காவலர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வயதானவர், மரியாதையான மனிதர். யாராக இருந்தாலும் பேரேட்டில் எழுதாமல் உள்ளே விடக் கூடாது என்று உத்தரவாம். நான் கையெழுத்துப் போட்டேன். அக்காவின் முறை வந்ததும் பெயரைக் கேட்டார்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "தனலெட்சுமி ஆனாக் பெரெம்புவான் வீராசாமி" என்றார். தெருவில் போனவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

காவலர் எழுதினார். அடுத்த கட்டத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார். வந்த காரியம் என்ன என்று கேட்கிறார் என்றார் செல்வம்.

"ஜும்பா பாப்பாக்" என்றார் அக்கா. அப்பாவைப் பார்க்க.

காவலர் பேனாவை நிறுத்தி அக்காவின் நரைத்த தலையைப் பார்த்தார். பிறகு பணிவாகவே கேட்டார். அப்பா இங்கேயா வேலை பார்க்கிறார்?

அக்கா மலாயில் இரண்டே வரி பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று செல்வத்திடம் கேட்டேன்.

"'ஆமா, இங்கதான் வேலை. காலையில வந்தவரு, இன்னும் வீட்டுக்குத் திரும்பலை'ன்னு சொல்றாங்கக்கா."

காவலர் அதையும் எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார்.